எலிசபெத் பிரை அம்மையாரும் தாதியர் கல்வியும்

மணிமேகலையின் வரலாற்றைப் படித்தோர், அவள் சோழ மன்னனிடம் வேண்டிப் பெற்ற வரத்தை மறந்திரார். பொன்னையும் மணியையும் அவள் வேண்டவில்லை. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குதல் வேண்டும் என்பதொன்றே அவள் விண்ணப்பம். மன்னனும் இசைந்தான், கொடுஞ்சிறை இருந்த இடத்தில் அறம் குடிபுகுந்தது. காவியத்திலே ஒரு சொல்லால் நிகழ்ந்த இம்மாற்றம், உலக வாழ்விலே அத்துணை எளிதில் நிகழ்வதன்று. அதற்கு இரக்கம் வேண்டும்; இரக்கத்தோடு அறிவு வேண்டும்; அவ்வறிவைப் பிறர்க்குப் பயிற்றும் ஏற்பாடும் வேண்டும். இம்மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தம் வாழ்நாளிலே கற்றுக்கொண்ட ஓர் அம்மையாரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம். சிறைச்சாலைச் சீர்திருத்தத்தால் புகழ்பெற்ற எலிசபெத் பிரை அம்மையாரே அவர். தாதியர் கல்வியிலும் அவருக்குப் பெரியதொரு பங்குண்டு என்பதைப் பலர் அறியார்.

இங்கிலாந்து தேசத்தின் கீழ்ப்பாகத்திலுள்ள நார்விச் நகரத்தில், 1780-ஆம் ஆண்டு மே மாதம் 21-ஆம் நாள் எலிசபெத் பிறந்தார். தந்தையார் ஜான் கர்னி என்பவர் பெருஞ்செல்வர். பாங்கித் தொழிலில் பெயர்பெற்ற குடும்பத்தினர். தாயார் காத்தரைன் அம்மையார். இக்குடும்பத்தினர் குவேக்கர் எனப்படும் நண்பர் சங்கத்தைச் சேர்ந்தவர்கள். எளிய உடை, மௌன வழிபாடு, ஆடம்பரமற்ற வாழ்வு ஆகியவற்றைப் போற்றிய அச்சங்கத்தில் பெண்டிரும் எழுந்து நின்று பிரசங்கம் செய்யலாம். இவ்வுரிமை அக்காலத்து இங்கிலாந்திலே வேறெங்கும் எளிதிற் கிட்டாதது. எலிசபெத்தின் வாழ்வை விளங்கிக்கொள்ள இதனை நினைவில் இருத்துதல் வேண்டும்.

சிறுவயதில் அவர் அச்சம் மிகுந்தவர். இருளுக்கு அஞ்சுவார், கடலுக்கு அஞ்சுவார். உடன்பிறந்தோர் பலரும் படிப்பில் முன்னிற்க, இவர் மட்டும் பின்தங்கினார். எழுத்துப் பிழைகள் அவரை வாழ்நாள் முழுதும் விட்டு நீங்கவில்லை. பிற்காலத்தில் அரசர்களோடு அமர்ந்து உரையாடிய அம்மையார் இளமையில் மந்தமானவளென்று எண்ணப்பட்டார் என்பது, வகுப்பிலே பின்வரிசையில் அமர்ந்திருப்போர் மனத்திற் கொள்ளத்தக்க செய்தியாம். தாயார் ஏழை எளியோர் இல்லங்களுக்குச் செல்லும்போது எலிசபெத்தை உடன் அழைத்துச் செல்வார். அத்தாயும் 1792-இல் இறந்தார். அப்பொழுது எலிசபெத்துக்கு வயது பன்னிரண்டு.

1798-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் வில்லியம் சேவரி என்னும் அமெரிக்கக் குவேக்கர் நார்விச்சுக்கு வந்து பிரசங்கம் செய்தார். ஊதாநிறக் காலணியும் அதற்குச் செந்நிற நாடாவும் அணிந்து, பொழுதுபோக்காகவே கூட்டத்துக்குச் சென்றிருந்த எலிசபெத், அன்று கண்ணீரோடு வீடு திரும்பினார். அது முதல் அவர் வாழ்வு திசைமாறிற்று. ஏர்ல்ஹாம் என்னும் தம் மாளிகையிலேயே ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியொன்று தொடங்கினார். ஒரு சிறுவனோடு தொடங்கிய அப்பள்ளி, எழுபது பிள்ளைகளுக்குமேல் வளர்ந்தது. படிப்பிலே பின்தங்கியவர் ஆசிரியரானார். கற்பித்தலின் சுவையை அங்குதான் அவர் முதன்முதல் அறிந்தார்.

1800-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஜோசப் பிரை என்னும் லண்டன் வணிகரை மணந்தார். 1801-க்கும் 1822-க்கும் இடையே பதினொரு மக்களைப் பெற்றார். 1809-இல் குடும்பம் லண்டனுக்குக் கிழக்கே பிளாஷட் என்னும் இடத்துக்குக் குடியேறிற்று. அங்கே அம்மையார் ஏழைகளுக்கென்று துணியும் மருந்தும் சேமித்து வைத்திருந்தார். அக்காலத்தில் வைசூரி கிராமங்களைச் சூறையாடி வந்தது. ஜென்னர் அம்மை குத்தும் முறையை வெளியிட்டுப் பத்தாண்டுகளே கழிந்திருந்தன. மக்கள் அதனை ஐயத்தோடு நோக்கினர். அம்மையார், வில்லன் என்னும் பெயர்பெற்ற வைத்தியரிடத்தில் அம்முறையைத் தாமே கற்றுக்கொண்டு, அவ்வப்போது சுற்றுப்புறத்துச் சிற்றூர்களில் வீடுவீடாக விசாரித்துப் பிள்ளைகளுக்கு அம்மை குத்தினார். இரக்கமுள்ள செல்வச் சீமாட்டிகள் இங்கிலாந்தில் பலர் இருந்தனர். ஆயினும் நோய் தீர்க்கும் தொழிலொன்றை முறையாகக் கற்றுத் தம் கையாலேயே செய்தோர் அவர்களுள் எத்துணைப் பேர்? இச்சிறு நிகழ்ச்சியிலே அவருடைய பிற்காலப் பணியின் வித்தைக் காண்கிறோம்.

1813-ஆம் ஆண்டில், ஸ்டீபன் கிரெல்லட் என்னும் குவேக்கர் லண்டனிலுள்ள நியூகேட் சிறைச்சாலைக்குச் சென்று பெண் கைதிகளின் நிலையைக் கண்டு மனம் பதைத்து, நேரே பிரை அம்மையாரிடம் வந்து கூறினார். நோயுற்ற பெண்களும் பச்சிளங் குழந்தைகளும் உடையின்றித் தரையில் கிடந்த காட்சியை அவர் விவரித்தார். அம்மையார் சில மாதர்களை அழைத்து அப்பொழுதே குழந்தைகளுக்குக் கம்பளித் துணியால் உடைகள் தைக்கச் செய்து, சிறைக்கு எடுத்துச் சென்றார்.

ஆங்கு அவர் கண்டது யாது? இரண்டு கூடங்களிலும் இரண்டு அறைகளிலுமாக ஏறக்குறைய 300 பெண்கள், தங்கள் பிள்ளைகளோடு அடைக்கப்பட்டிருந்தனர். விசாரணை முடியாதவரும், சிறு களவு செய்தவரும், தூக்குத் தண்டனை பெற்றவரும் ஒன்றாகவே இருந்தனர். சமைப்பதும் துவைப்பதும் உண்பதும் உறங்குவதும் அவ்விடத்திலேயே. படுக்கையென்று ஒன்றில்லை. இறந்துபோன குழந்தையின் உடலிலிருந்து துணியைக் கழற்றி உயிரோடிருந்த வேறொரு குழந்தைக்கு இரு பெண்கள் உடுத்திக்கொண்டிருந்ததை அவர் கண்டார் என்று அவர் வரலாறு கூறும். இதனினும் கொடிய காட்சி வேறு உண்டோ!

சிறைநோய் சிறையோடு நிற்பதன்று என்பதை லண்டன் மாநகரம் முன்னரே அறிந்திருந்தது. சிறைக்காய்ச்சல் எனப்பட்டது பேனால் பரவும் ஒருவகை விஷக்காய்ச்சலாகும். 1750-ஆம் ஆண்டில் நியூகேட்டிலிருந்து கைதிகளை அடுத்திருந்த நியாயஸ்தலத்துக்கு விசாரணைக்குக் கொண்டுவந்தபோது, அக்காய்ச்சலும் உடன் வந்தது. நகரத்து மேயரும் நீதிபதிகள் இருவரும் உட்பட ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். சிறைகளைச் சுற்றிப் பார்த்து உலகறியச் செய்த ஜான் ஹோவர்டு என்னும் பெரியாரின் முயற்சியால், 1774-இல் கைதிகளின் ஆரோக்கியத்தைப் பற்றிச் சட்டமொன்று பிறந்தது. ஆயினும் சட்டம் ஏட்டிலே இருந்தது. தரையில் கிடந்த தாயையும் சேயையும் கவனிக்கக் கற்றவர் ஒருவரும் இலர்.

இவ்விடத்தில் அம்மையார் வாழ்வில் ஓர் இடைவெளி உண்டு. அவரைப் போற்றி எழுதுவோர் சிலர் அதனை விரைந்து கடந்து செல்வர். நாம் அங்ஙனம் செய்யலாகாது. 1813-இல் துணி கொடுத்துத் திரும்பிய அம்மையார், ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் அச்சிறைக்குப் பணிசெய்யச் செல்லவில்லை. கணவரின் வியாபாரத்தில் நெருக்கடி, பிள்ளைப்பேறு, நோய் எனப் பல இடர்கள் நேர்ந்தன. 1815-இல் ஐந்து வயதும் நிரம்பாத தம் அருமை மகளைப் பறிகொடுத்தார். 1816-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் மீண்டும் நியூகேட்டின் வாயிலில் நின்றபோது, முன் கண்ட அழுக்கும் பசியும் கூச்சலும் சிறிதும் குறையாதிருந்தன. கம்பளித் துணிகள் என்னவாயின? அவை கந்தலாகியிருக்கும்; அல்லது சாராயத்துக்கு விலையாகியிருக்கும். ஒருநாள் இரக்கம் ஒருநாளுக்கே உதவும் என்னும் பெரும் பாடத்தை அம்மையார் அன்று கற்றார்.

இம்முறை அவர் துணியோடு வரவில்லை. ஒரு யோசனையோடு வந்தார். சிறைத் தலைவரும் தனியே நுழைய அஞ்சிய அக்கூடத்துக்குள் அவர் நுழைந்து, ஒரு குழந்தையைக் கையிலெடுத்து, இக்குழந்தைகளுக்காக நாம் சேர்ந்து ஏதேனும் செய்யலாகாதா என்று அத்தாய்மாரைக் கேட்டார். பள்ளி வைக்கலாம் என்னும் எண்ணம் எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஆசிரியை யார்? கைதிகளே தங்களுள் கற்றவளான மேரி கானர் என்பவளைத் தேர்ந்தெடுத்தனர். கைக்கடிகாரமொன்றைத் திருடியதற்காகத் தண்டிக்கப்பட்ட இளம்பெண் அவள். பொறுமையோடும் அன்போடும் அவள் பாடம் சொன்னாள். அதனைக் கண்ட வயதுவந்த பெண்களும் தங்களுக்கும் எழுத்தும் தையலும் கற்பிக்க வேண்டுமென்று கெஞ்சினர்.

1817-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், ஒரு குருவின் மனைவியாரும் குவேக்கர் மாதர் பதினொருவரும் சேர்ந்து, நியூகேட் பெண் கைதிகளின் நலத்துக்காக ஒரு சங்கம் அமைத்தனர். நாள்தோறும் ஒருவரேனும் சிறைக்குச் செல்வது, பெண்களைச் சிறு குழுக்களாகப் பிரிப்பது, குழுவுக்கொரு தலைவியை அவர்களுள்ளேயே நியமிப்பது, தைத்தும் பின்னியும் பொருளீட்டச் செய்வது ஆகியன அவர்களுடைய திட்டங்கள். விதிகளை ஒவ்வொன்றாக வாசித்து, கைதிகள் கையுயர்த்தி ஒப்புக்கொண்ட பின்னரே அவற்றை நடைமுறைக்குக் கொண்டுவந்தனர். மேற்பார்வைக்கு ஓர் அம்மையாரும் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டார். சில மாதங்களில் அவ்விடம் தொழிற்சாலை போல ஒழுங்குற்றது; பார்க்க வந்த நகரசபையார் வியந்தனர்.

மேரி கானர் என்னவானாள்? அவளுடைய நன்னடத்தைக்காக மன்னிப்பு வழங்கப்பட்டது. ஆனால் அதற்குள் க்ஷயரோகம் அவளைப் பற்றியிருந்தது; விடுதலை பெற்றும் நெடுநாள் வாழாது இறந்தாள். நெரிசல் மிகுந்த காற்றோட்டமற்ற கூடத்திலே நாள்முழுதும் இருமிக்கொண்டே பாடம் சொன்ன அப்பெண்ணின் நோயை முன்கூட்டிக் கண்டறிந்து, அவளைப் பிரித்து வைத்துப் பேணக் கற்ற தாதி ஒருத்தியும் அச்சிறையில் இருந்திலள். க்ஷயரோகம் தொற்றுநோய் என்பதும் அக்காலத்து இங்கிலாந்தில் தெளிவாக அறியப்படவில்லை. அதன் கிருமியைக் காக் என்னும் ஜெர்மானிய அறிஞர் கண்டது 1882-ஆம் ஆண்டில்தான். அன்பு அங்கே நிறைந்திருந்தது; அறிவு வந்துசேரவில்லை.

1818-இல் பார்லிமெண்டுச் சபையொன்றின் முன் அம்மையார் சாட்சியம் கூறினார். பெண்டிர் குரல் அரிதாகவே கேட்ட அவ்விடத்தில், படுக்கை, உணவு, வேலை, பெண்களுக்குப் பெண் காவலர் ஆகியவற்றைக் குறித்து அவர் தெளிவுறப் பேசினார். அதே ஆண்டில் அவருக்குப் பெருந்தோல்வி ஒன்றும் நேர்ந்தது. கள்ள நோட்டைக் கைமாற்றிய குற்றத்துக்காக ஹாரியட் ஸ்கெல்டன் என்னும் பெண்ணுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. அவளைக் காக்க அம்மையார் பிரபுக்களிடமும் மந்திரியாகிய சிட்மவுத் பிரபுவிடமும் மன்றாடினார், பயனில்லை. அவள் தூக்கிலிடப்பட்டாள்; மந்திரியின் மனக்கசப்பே அம்மையாருக்கு மிஞ்சியது.

அக்காலத்தில் பெண் கைதிகள் பலர் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டனர். விலங்கிட்டுத் திறந்த வண்டிகளில் ஏற்றி, தெருமக்கள் ஏசவும் எறியவும் அவர்களைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்வது வழக்கம். அம்மையாரின் வேண்டுகோளால் 1818 முதல் மூடிய வண்டிகள் வந்தன. தாமும் உடன் சென்றார். கால் நூற்றாண்டு காலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட கப்பல்களில் அவரும் அவர் தோழியரும் ஏறி, ஒவ்வொரு பெண்ணுக்கும் ஊசியும் நூலும் துணித்துண்டுகளும் அடங்கிய பை கொடுத்தனர். 1841-இல் ராஜா என்னும் கப்பலிற் சென்ற பெண்கள் 2,800-க்கு மேற்பட்ட துண்டுகளை இணைத்துத் தைத்த விரிப்பொன்று, ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்தில் பாதுகாக்கப்படுகிறது.

1821-இல் இங்கிலாந்து முழுதுக்குமான மாதர் சங்கம் எழுந்தது. 1823-இல் மந்திரி பீல் கொண்டுவந்த சிறைச்சாலைச் சட்டம், பெண் கைதிகளைப் பெண் காவலரே காக்க வேண்டுமென விதித்தது. இவ்வெற்றிகளுக்குப் பின்னும் ஒரு குறை இருந்தது. ஊர்தோறும் மாதர் சிறைக்குச் செல்ல முன்வந்தனர். ஆனால் அங்குச் சென்று யாது செய்வது, எதைச் செய்யலாகாது என்பதை அவர்கள் அறியார். இக்குறையை நீக்க, 1827-இல் அம்மையார் பெண் கைதிகளைப் பார்வையிடுதல், மேற்பார்த்தல், ஆளுதல் ஆகியவை பற்றி ஒரு சிறு நூல் எழுதி வெளியிட்டார். கைதிகளை வகைப்படுத்தும் முறை, பெண் அதிகாரிகளின் கடமை, வேலை, கல்வி ஆகியவற்றை அந்நூலில் வரிசையாகக் கூறினார். சிறைகளை மட்டுமன்றி ஆஸ்பத்திரிகளையும் பைத்தியசாலைகளையும் பெண்டிர் சென்று காணுதல் வேண்டுமென்றும் வற்புறுத்தினார். தாம் அனுபவத்தால் கற்றதைப் பிறர் கற்கும்படி ஒழுங்குபடுத்தி வைத்தமையே இந்நூலின் சிறப்பு.

மறு ஆண்டிலேயே இடி விழுந்தது. 1828-இல் கணவர் பங்குகொண்டிருந்த பாங்கி முறிந்தது. பிளாஷட் மாளிகையைத் துறந்து சிறியதொரு வீட்டுக்குக் குடியேறினர். கடன்பட்டு முறிந்தோரைக் குவேக்கர் சங்கம் பொறுப்பதில்லை. ஜோசப் பிரை சங்கத்தினின்று நீக்கப்பட்டார். சங்கப் பணம் வியாபாரத்தில் கலந்ததோ என்று சிலர் முணுமுணுத்தனர். பிறர் வீட்டுப் பிள்ளைகளைப் பேணச் சென்றவர் தம் பிள்ளைகளைக் கவனிக்கவில்லை என்னும் பழியும் நெடுநாளாகவே இருந்தது. அப்பழியிற் சிறிது உண்மையும் உண்டென்று அவரே வருந்தியதாக அவருடைய நாட்குறிப்புகளால் அறிகிறோம். உடன்பிறந்தார் உதவியால் குடும்பம் பிழைத்தது. அம்மையார் பணியை நிறுத்தினாரல்லர்.

இனி, ரைன் நதிக்கரைக்குச் செல்வோம். ஜெர்மனியிலே கைசர்ஸ்வெர்த் என்னும் சிற்றூரில் தியோடர் பிளீட்னர் என்னும் இளம் போதகர் இருந்தார். ஊரிலிருந்த பட்டாலை முறிந்து சபையார் வறுமையுற்றமையால், பொருள் திரட்ட அவர் ஹாலந்துக்கும் இங்கிலாந்துக்கும் சென்றார். 1824-இல் லண்டனில் அம்மையாரின் சிறைப்பணியால் விளைந்த பயனைக் கண்டார். பொருளோடு அவ்வெண்ணத்தையும் கொண்டு ஊர் திரும்பி, 1826-இல் சிறைச் சங்கமொன்றைத் தோற்றுவித்தார். 1833-இல் சிறையினின்று வெளிவந்து போக்கிடமில்லாத ஒரு பெண்ணுக்குத் தம் தோட்டத்திலிருந்த சிறு வீட்டை ஒழித்துக் கொடுத்தார். அச்சிறு வீட்டிலிருந்தே பெரியதொரு நிலையம் முளைத்தது. கைதிகளுக்கும் நோயாளிகளுக்கும் ஊழியம் செய்ய நல்ல மனமுள்ள பெண்கள் கிடைப்பர். ஆனால் பயின்ற பெண்கள் இலர் என்பதை உணர்ந்து, 1836-இல் அவரும் அவர் மனைவியாரான பிரடெரிக்கெ அம்மையாரும் ஓர் ஆஸ்பத்திரியையும் அதனோடு சேர்ந்த பயிற்சி இல்லத்தையும் தொடங்கினர். முதலில் வந்து சேர்ந்தவர் கெர்ட்ரூட் ரைக்கார்ட் என்னும் வைத்தியர் மகள். வைத்தியர் பாடம் சொல்ல, நோயாளியின் அருகிலிருந்தே தொழிலைக் கற்பது அங்கு முறையாயிற்று.

1840-ஆம் ஆண்டில், அறுபது வயதை எட்டிய பிரை அம்மையார் கைசர்ஸ்வெர்த்துக்குச் சென்றார். தாம் நியூகேட்டில் இட்ட வித்து, பிறநாட்டிலே ஆஸ்பத்திரியாகவும் பள்ளியாகவும் வளர்ந்திருப்பதைக் கண்டார். ஆசிரியர் மாணவரிடம் கற்கும் தருணம் அது. அறுபது ஆண்டு நிரம்பியவர், உலகப் புகழ் பெற்றவர், இனி எனக்குக் கற்க யாதுளது என்று எண்ணாமல், இளையவரிடம் கற்று வந்தார். அதுவன்றோ உண்மைக் கல்வி!

அக்காலத்து இங்கிலாந்தில் தாதியர் நிலை இரங்கத்தக்கது. வேறு பிழைப்பற்ற ஏழைப் பெண்கள் பலர் கூலிக்கு அத்தொழிலை மேற்கொண்டனர்; கல்வியில்லை, பயிற்சியில்லை, மதிப்புமில்லை. குடித்துவிட்டு நோயாளியின் தலையணையைத் தான் வைத்துக்கொள்ளும் தாதியொருத்தியைச் சார்லஸ் டிக்கன்ஸ் தம் மார்ட்டின் சஸில்விட் என்னும் நாவலில் படைத்துக் காட்டியபோது, படித்தோர் யாவரும் நகைத்தனர். தாங்கள் அறிந்த ஒருத்தியாகவே அவளைக் கண்டனர். வள்ளுவர், நோயாளி, மருத்துவன், மருந்து என்பவற்றோடு அருகிருந்து உதவுவோனையும் வைத்து மருத்துவத்தை நான்கு கூறாக்கினார். அந்நான்காம் கூறு இங்கிலாந்தில் அன்று முறிந்து கிடந்தது.

ஊர் திரும்பிய அம்மையார், அவ்வாண்டிலேயே தாதியர் சங்கமொன்றை நிறுவினார். அவருடைய தம்பி சாமுவேல் கர்னியின் மனைவியாரும் பெண்மக்களும் அதன் பாரத்தைத் தாங்கினர். பின்னர் லண்டனில் டெவன்ஷயர் சதுக்கத்தில் அதற்கு இல்லம் அமைந்தது. சேர்ந்த பெண்கள் கய்ஸ் ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டு, நோயாளிகளின் அருகில் நின்று தொழில் பழகினர். பின்னர்ச் செல்வர் இல்லங்களுக்கும் ஏழையர் குடில்களுக்கும் சென்று நோயாளிகளைப் பேணினர். இங்கிலாந்திலே தாதியரைப் பயிற்றுவதற்கென எழுந்த முதல் முயற்சிகளுள் இது வைத்தெண்ணப்படுகிறது. இன்றைய நோக்கில் அப்பயிற்சி மிகச் சிறியதே: காலம் குறுகியது; வகுப்புகளும் பரீட்சைகளும் ஒழுங்குற அமையவில்லை. ஆயினும் தாதித்தொழில் கற்றுத் தெளிய வேண்டியதொரு தொழில் என்னும் உண்மை அன்று ஊன்றப்பட்டது. 1851-இல் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் கைசர்ஸ்வெர்த்தில் மூன்று மாதம் தங்கிப் பயின்றதும், 1860-இல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் அவர் பெயரால் தாதியர் பள்ளி எழுந்ததும் உலகறிந்த செய்திகள். அப்பெரிய ஆற்றின் ஊற்றுக்கண்களுள் ஒன்று நியூகேட் சிறையின் தரையிலே இருக்கிறது என்பதை நாம் மறத்தலாகாது.

கடைசி ஆண்டுகளில் அம்மையாருக்கு மனக்கவலை ஒன்று மிகுந்தது. கைதி ஒவ்வொருவரையும் ஒருவரோடொருவர் பேசவிடாமல் தனியறையில் அடைக்கும் முறை அரசாங்கத்தின் ஆதரவைப் பெற்றது. 1842-இல் பென்டன்வில் சிறை அதற்கென்றே திறக்கப்பட்டது. தனிமை மனத்தைத் திருத்தும் என்றனர் அதனை ஆதரித்தோர். மனத்தைக் குலைக்கும் என்று அம்மையார் அஞ்சினார். அவர் அஞ்சியவாறே அச்சிறையில் சிலர் சித்தம் கலங்கினர். அதே 1842-ஆம் ஆண்டில் பிரஷ்ய மன்னர் நியூகேட்டுக்கு வந்து அம்மையாரோடு கைதிகளைக் கண்டு, பின்னர் அவர் இல்லத்தில் விருந்துண்டார். மன்னர் மதித்தார், ஆனால் சொந்த நாட்டுச் சிறை அதிகாரிகளோ அவர் சொல்லுக்கு முன்போலச் செவிசாய்க்கவில்லை. 1845-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ராம்ஸ்கேட் என்னும் கடற்கரையூரில் அம்மையார் காலமானார். பார்க்கிங் என்னுமிடத்தில் குவேக்கர் வழக்கப்படி ஆரவாரமின்றி நடந்த அடக்கத்துக்கு, ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வந்து மௌனமாக நின்றனர். பிற்காலத்தில், 2002 முதல் 2017 வரை வழங்கிய இங்கிலாந்து பாங்கியின் ஐந்து பவுன் நோட்டிலே, நியூகேட்டில் அவர் கைதிகளுக்குப் படித்துக்காட்டும் காட்சி பொறிக்கப்பட்டிருந்தது. கள்ள நோட்டுக்காகத் தூக்கிலிடப்பட்ட பெண்ணின் உயிருக்கு மன்றாடியவரின் உருவம் நோட்டிலேயே ஏறியது காலத்தின் விசித்திரமன்றோ!

அம்மையார் விட்டுச்சென்ற வேலை இன்னும் முடிந்தபாடில்லை. சிறையிலே பணிபுரியும் தாதியின் நிலையைச் சிறிது எண்ணிப் பார்ப்போம். ஆஸ்பத்திரித் தாதிக்கு ஐயம் எழுந்தால் அடுத்த கூடத்தில் மூத்த தாதியர் இருப்பர், வைத்தியர் இருப்பர். சிறைத் தாதியோ பல இரவுகளில் தனியே நிற்பார். புதிதாக வந்த கைதிக்குக் கை நடுங்கினால், அது அச்சத்தாலா, குடியை நிறுத்தியதால் எழுந்த ஆபத்தாலா என்று அவர் அப்பொழுதே தீர்மானிக்க வேண்டும். சிறைபுகுந்த முதல் நாட்களிலேயே தற்கொலை எண்ணம் மிகுதியும் தலைதூக்கும். வாய்திறவாத ஒருவன் முகத்திலே அதனைப் படிக்க வேண்டும். வாரக்கணக்கில் நீடிக்கும் இருமலைக் கண்டால் க்ஷயரோகத்தை நினைக்க வேண்டும். கர்ப்பிணி வருவாள், மனநோயாளி வருவார், முதுமையால் மறதியுற்றவரும் வருவார். கைதி நோயை நடிக்கிறான் என்று காவலர் கூறுவர். சிற்சில வேளை அது மெய்யாகவும் இருக்கும். ஆயினும் சோதித்துப் பாராமல் அதனை நம்புகிற தாதி, ஒருநாள் ஓர் உயிரை இழப்பார். காவலரோடு ஒத்துழைக்கவும் வேண்டும். ஆனால் தாம் காவலராகிவிடலாகாது. இந்நுண்ணிய எல்லையைப் பள்ளியில் ஒருமுறை படித்த பாடம் மட்டும் காட்டாது.

மருந்துகள் மாறுகின்றன, நோய்களைப் பற்றிய அறிவு மாறுகிறது. மதிலுக்குள் இருப்பவருக்கு இம்மாற்றங்கள் தாமதித்தே எட்டும். ஆதலால் தொடர்ந்து கற்றல் பிறருக்கு நன்மையென்றால், சிறைத் தாதிக்கு இன்றியமையாதது. உலக நாடுகளும் இதனை ஒப்புக்கொண்டன. பெண் கைதிகளின் நலம் குறித்து 2010-இல் ஐக்கிய நாடுகளின் சபை பாங்காக் விதிகளை ஏற்றது. நெல்சன் மண்டேலாவின் பெயரால் 2015-இல் அச்சபை ஏற்ற விதிகள், வெளியுலகில் கிடைக்கும் அதே தரமான வைத்தியம் கைதிக்கும் கிடைக்க வேண்டுமென்கின்றன. சிறை ஊழியர் பணியேற்குமுன் பயிற்சி பெறுவதோடு, பணியிலிருக்கும் காலமெல்லாம் அவர்களுக்குத் தொடர்ந்து பயிற்சி அளிக்க வேண்டுமென்றும் கூறுகின்றன. விதி எழுந்துவிட்டது, 1774-இலும் ஒரு சட்டம் எழுந்தது. எழுத்துக்கும் தரையிற் கிடக்கும் நோயாளிக்கும் இடையிலுள்ள தூரத்தை, கற்ற கையொன்றே கடக்கவல்லது.

நண்பர்களே, அம்மையாரின் வாழ்வை மீண்டும் ஒருமுறை நோக்குங்கள். 1813-இல் அவர் துணி கொடுத்தார், அது கிழிந்தது. 1817-இல் பள்ளி வைத்தார், அது நிலைத்தது. 1827-இல் நூல் எழுதினார். அது ஊரூராய்ச் சென்றது. 1840-இல் பிறரைப் பயிற்றத் தொடங்கினார். அப்பயிற்சி அவர் காலத்துக்குப் பின்னும் வளர்ந்தது. ஈகை பெரிதே, ஆயினும் கொடுத்த பொருள் தீரும், கற்பித்த தொழில் தீராது. நம்முள் வைத்தியராகவோ தாதியராகவோ சட்டமறிந்தோராகவோ ஆகப்போகிறவர் பலர். பட்டம் பெறும் நாளோடு புத்தகத்தை மூடிவைப்போமாயின், நம் இரக்கமும் அக்கம்பளித் துணிபோல் விரைவில் கந்தலாகும். அறுபதாம் வயதிலும் இளையவரிடம் கற்கச் சென்ற அவ்வம்மையாரைப் பின்பற்றி, இருக்கும்வரை கற்போமாக. கற்றதை, மதிலுக்கு அப்பால் யார் கண்ணிலும் படாமல் நோயுற்றுக் கிடப்பவர்க்கும் எட்டச் செய்வோமாக.